குளியலறைக்கு இழுத்த கம்பி

தோட்டத்தை விட்டுத் தாமானில் குடியேறிய என் மாணவனின் தந்தை, தம் கையாலேயே குளியலறை கட்டினார். சுடுநீர்க் கருவிக்கு அடுக்களை பிளக்கிலிருந்து கம்பி இழுத்துவிட்டு, "வயர்மேன் கூலி மிச்சம், வாத்தியாரே!" என்றார்.

கணக்குப் பாருங்கள். 3,600 வாட் கருவி, நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிளக் தாங்குவதோ 13 தான். கம்பி சூடேறும், உறை உருகும். மின்சாரம் கசிந்தால், ஈர உடம்பு வழியாகவே தரைக்கு இறங்கும்.

பெட்டியிலிருந்து தனிக் கம்பி, எர்த் கம்பி, 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சு ஆகிய மூன்றும் வேண்டும். உரிமம் பெற்ற வயர்மேனே செய்யட்டும். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம். போன உயிர் திரும்புமா? நண்பர் மறுநாளே வயர்மேனை அழைத்தார். நீங்கள்?