மடி அவிழ்ந்தபோது

ஆழ்கடலிற் பல நாள் தங்கி மீன் பிடிப்பது எப்படியென்று வீட்டுப் பிள்ளைகள் எம்மைக் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு பரிமாறப்படும் வேளையிலேதான் இக்கேள்வி பிறக்கும்!

1970களின் தொடக்கத்திற் கொழும்பிலிருந்து சென்ற இழுவைமடிக் கப்பலொன்றில் நாம் வேலை செய்தோம். கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலடியில் மேடாகப் பரந்து கிடக்கும் வாட்ஜ் திட்டே எமது களம். 1920களின் தொடக்கத்தில் ‘லில்லா’ என்னும் நீராவிக் கப்பல் அதனை ஆராய்ந்தது. பின்னர் இலங்கைக் கப்பல்கள் பல அங்கே சென்றுவந்தன.

இழுவைமடி கூம்பு வடிவான பெருவலை. அதன் வாய்க்கு இரு புறமும் இரும்பு பூட்டிய கனத்த பலகைகள் உண்டு. கப்பல் முன்னே செல்ல, நீரின் விசை அவற்றை அகலத் தள்ளும், வாய் விரியும். மணிக்கணக்காக இழுத்தபின் வின்ச் சுழன்று கம்பிவடத்தைச் சுற்றத் தொடங்கும். அப்பொழுது அருகில் நிற்பவனுக்குக் கண் இமைக்கவும் உரிமையில்லை. எம்மோடு ஒரே அறையிற் படுத்த தோழன் ஒருவன், நித்திரைக் கலக்கத்திற் கம்பியைப் பற்றி இரண்டு விரல்களை இழந்தான். துறைமுகம் சேர மறுநாளாயிற்று. அதுவரை அவன் திரும்பத் திரும்பக் கேட்டது, சம்பளத்தை வெட்டுவார்களோ என்பதையே. வெட்டினார்கள்.

மடியின் அடிமுடிச்சை அவிழ்த்ததும் விளைமீனும் கலவாயும் பாரையும் தளத்திற் கொட்டும். ஆழத்திலிருந்து சடுதியாக மேலே வந்தமையாற் பலவற்றின் இரைப்பை வாய்வழியே பிதுங்கியிருக்கும். பெரியவை ஐஸ் அறைக்குப் போகும். குஞ்சு மீன், நண்டு, சங்கு, பெயர் தெரியாத உயிர்கள் யாவும் சவளால் வாரப்பட்டுக் கடலுக்கே போகும், பெரும்பாலும் செத்தபின்.

“கடலுக்குக் கணக்கு ஏது, தம்பி?” என்பார் மூத்த மாலுமி. நாமும் சிரித்துக்கொண்டே வாரினோம்.

1976இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டினால் அத்திட்டு இந்தியாவின் உரிமையாயிற்று. ஆறு இலங்கைக் கப்பல்களுக்கு மாத்திரம், ஆண்டுக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல், மூன்றாண்டுகளுக்கு அனுமதி கிடைத்தது. எம் கடலைப் பறித்தார்களே என்று அன்று கொதித்தோம்.

எமது மருமகன் இன்று வடக்கிற் சிறு படகில் வலை படுக்கிறான். பாக்கு நீரிணையைத் தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகள் அவன் வலையை அறுத்துச் செல்கின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தினாற் தடுத்தது. அவ்வலை கடலடியையே வழிப்பது என்பதே காரணம். சென்ற மாதம் அவன் முற்றத்தில் அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“மாமா, நீங்கள் இழுத்த இடத்தில் அடுத்த முறையும் மீன் பட்டதோ?” என்று கேட்டான்.

“அடுத்த முறை சற்றுத் தள்ளிப்போய் இழுத்தோம்” என்றோம்.

அவன் ஒன்றும் சொல்லாமல் ஊசியில் நூலைக் கோத்தான்.