முதல் திரையிலேயே தமிழ் இருக்கு, பார்த்தீங்களா?

லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணும்போது முதலில் வரும் திரை நினைவிருக்கா? நீளமான மொழிப் பட்டியல் ஒன்று. நம்மில் யாரும் அதைப் படித்ததில்லை. இங்கிலீஷ் ஏற்கெனவே தேர்வாகி நிற்கும், அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போய்விடுவோம். ஓஎஸ் லேபுக்காக ஒரு முறை, ஹார்ட் டிஸ்க்கை நானே காலி பண்ணிக்கொண்டு இரண்டு முறை என்று மூன்று தடவை நானும் அப்படித்தான் போனேன். நான்காவது தடவைதான் பட்டியலைக் கீழே உருட்டினேன். 'தமிழ்' என்று தமிழ் எழுத்திலேயே இருந்தது. பல வருஷமா அங்கேயே இருந்திருக்கு, நாமதான் பார்க்கல.

அதை ஒரு தடவையாவது தேர்ந்தெடுத்துப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது வந்த முதல் பதில்: "மச்சி, சி புரோகிராமே இங்கிலீஷ்லதான் எழுதுற, அப்புறம் மெனு மட்டும் தமிழ்ல எதுக்கு?" கேள்வி நியாயம்தான். ஆனால் அதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: கம்ப்யூட்டரைத் தொடுகிறவர் எல்லாம் நம்மைப் போல நான்கு வருஷம் இங்கிலீஷில் அரியர் எழுதுகிறவர்தான் என்று.

எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்கா பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. உங்கள் வீட்டிலும் ஒன்று பரணில் கிடக்கலாம். அப்போது வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. தமிழும் அதில் உண்டு. ஆனால் ஆன் பண்ணியதும் வரும் இரண்டு வரியில் எங்கள் வீட்டில் யாரும் லினக்ஸ் வரிக்குப் போனதே இல்லை. போய்ப் பார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் பொருளாளர். பன்னிரண்டு பேர் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் நோட்டில்தான். கணக்கில் அம்மாவை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் லேப்டாப்பைத் திறந்தால் "நீயே பாருப்பா" என்று தள்ளிவிடுவார். அவருக்குப் பயம் கம்ப்யூட்டர் மேல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போன லீவில் ரேமைக் கூட்டி, பழைய எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, தமிழில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். மெனுவைத் திறந்தார், 'கோப்பு' என்று வாய்விட்டுப் படித்தார், அடுத்து 'சேமி'. அதன்பிறகு என்னைக் கேட்காமலேயே அடுத்த வரிக்குப் போனார். பயம் கம்ப்யூட்டர் மேல் இல்லை, படிக்கத் தெரியாத பலகைகள் நிறைந்த ஊரில் இறக்கிவிட்டால் வரும் பயம்.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பழைய லேப்டாப்கள் அந்தக் கோட்டைத் தாண்டாது. அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள்.

எந்த டிஸ்ட்ரோ என்று ஒரு வாரம் யூடியூப் பார்க்காதீர்கள். பழைய மெஷின், வீட்டு உபயோகம் என்றால் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. புது லேப்டாப், லேபில் இருப்பதே வேண்டும் என்றால் உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்பு. இரட்டைப்படை வருஷ ஏப்ரலில் வரும், ஐந்து வருஷம் அப்டேட் உண்டு. டெபியன் போடுகிறவர்கள் கிராபிகல் இன்ஸ்டாலரையே தேர்ந்தெடுங்கள், வெறும் எழுத்துத் திரை இன்ஸ்டாலரில் தமிழ் கிடைக்காது. ஆர்ச் போடுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள், அதனால் விட்டுவிடுவோம்.

டவுன்லோடுதான் நமக்குப் பெரிய தலைவலி. உபுண்டு 24.04ன் ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல். மின்ட் 3 ஜிபிக்குள் அடங்கிவிடும். டெபியனின் சின்ன நெட் இன்ஸ்டால் படம் 1 ஜிபிக்கும் கீழே, மீதியை இன்ஸ்டால் ஆகும்போது இழுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டாவில் வாழ்கிற நாம், பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடரைப் பயன்படுத்துவது உத்தமம். முடிந்ததும் எஸ்ஹெச்ஏ256 எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டு, பாதி சிதைந்த ஃபைலோடு ஒரு ராத்திரி முழுக்கப் பென்டிரைவைத் திட்டிக்கொண்டிருந்தேன். பென்டிரைவில் எழுத ரூஃபஸ், பலேனா எச்சர், வென்டாய் எது வேண்டுமானாலும் சரி.

டூயல் பூட் போடுகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கத்திச் சொல்கிறேன். முதலில் பேக்கப். அடுத்து, விண்டோஸில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கா என்று பாருங்கள். புது லேப்டாப்களில் உங்களைக் கேட்காமலே ஆன் ஆகியிருக்கலாம். 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைக்காமல் பார்ட்டிஷனில் கை வைக்காதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே குறைத்து, காலி இடத்தில் லினக்ஸைப் போடுங்கள். பென்டிரைவில் இருந்தே லைவாக ஓட்டிப் பார்த்து, வைஃபை, சவுண்ட், டச்பேட் மூன்றும் வேலை செய்த பிறகுதான் இன்ஸ்டால் பட்டனைத் தொடணும்.

இனி தமிழ் விஷயம். மொழி வேறு, கீபோர்டு வேறு. மொழித் திரையில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கீபோர்டு திரையில் இங்கிலீஷையே வையுங்கள். ஆர்வக்கோளாறில் நான் இரண்டையும் தமிழாக்கினேன். பாஸ்வேர்டு பெட்டியில் வெறும் புள்ளிதானே தெரியும்? தமிழ் லேஅவுட்டில் என்னத்தையோ தட்டி, லாகின் திரையில் இங்கிலீஷில் தட்டி, சொந்த மெஷினுக்கே வெளியே நின்றேன். மறுபடி முதலில் இருந்து.

தமிழில் டைப் அடிப்பதைப் பிறகு சேர்க்கலாம். ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜைப் போட்டு, லாக் அவுட் செய்து வந்தால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் எல்லாம் பட்டியலில் வரும். தமிழ்99ஐ ஒரு வாரம் முயற்சி பண்ணுங்கள் என்பேன். உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டு. தங்கிலீஷ் முறையில் ஐந்து. இதில் மிச்சமாகும் ஒரு தட்டு அல்ல விஷயம், தமிழை இங்கிலீஷ் எழுத்தாக மனசுக்குள் மாற்றிக்கொண்டே இருக்கும் வேலை போய்விடும்.

மொழியைப் பின்னால் மாற்றினால், 'டவுன்லோட்ஸ்' போன்ற ஃபோல்டர்களின் பெயரையும் தமிழாக்கட்டுமா என்று அடுத்த லாகினில் கேட்கும். அம்மா மெஷினில் சரி என்று சொன்னேன். உங்கள் மெஷினில் வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் டெர்மினலில் ஒவ்வொரு தடவையும் அந்த ஃபோல்டருக்குப் போகத் தமிழில் டைப் அடிக்க வேண்டியிருக்கும். போதாக்குறைக்குப் பல டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறிப் பிய்ந்து தெரியும். பிழைச்செய்தி தமிழில் வந்தால் கூகுளில் தேடியும் பதில் கிடைக்காது. அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் 'எல்சி_ஆல்' மாறியை 'சி' என்று வைத்தால் இங்கிலீஷில் வரும். அதாவது, கோடு எழுதுகிற நேரத்தில் நான் தமிழைப் பிடித்துத் தொங்கவில்லை. அப்படித் தொங்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

மொழிபெயர்ப்பு முழுசாக இருக்கா? இல்லை. ஒரு மெனு தமிழில் இருக்கும், அதற்குள் திறக்கும் பெட்டி பாதி இங்கிலீஷில் இருக்கும். சில சொற்களைப் படித்தால் அகராதியைத் தேடுவோம். விண்டோஸிலும் தமிழ் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் புலம்பத்தான் முடியும். இங்கே திருத்தலாம். லிபர்ஆபீஸுக்கு வெப்லேட், ஃபயர்ஃபாக்ஸுக்கு பொன்டூன், மின்டுக்கு லாஞ்ச்பேட். மூன்றிலும் கணக்கு தொடங்கினால் போதும், புரோகிராமிங் தெரியவேண்டியதில்லை. தமிழ் தெரியணும், அது நம்மிடம் இருக்கு. ஹேக்டோபர்ஃபெஸ்ட் டிஷர்ட்டுக்காக யாரோ ஒருவரின் ரீட்மீயில் கால்புள்ளி திருத்திய நாம் இதைச் செய்ய முடியாதா என்ன?

பிரிண்ட் பெட்டியில் இரண்டு வரி இங்கிலீஷில் நிற்பதைப் பார்த்து அம்மா கேட்டார், "இதை மட்டும் ஏன்டா விட்டுட்டாங்க?" யாரோ எழுத மறந்திருப்பாங்கம்மா என்றேன். "நீ எழுதக் கூடாதா?" என்றார். அந்த வாரமே வெப்லேட்டில் கணக்கு தொடங்கி மூன்று வரி அனுப்பினேன். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

மின்ட் எழுதிய 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. வேண்டும் என்கிறவர்கள் சாயந்திரம் லைப்ரரி வாசல் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் கீயை எழுதி எடுத்துக்கொண்டு வாங்க.