ஆங்கிலம் பேசியும் அமெரிக்கா போகாத விளையாட்டு

ஜப்பானில் தயாரான ஒரு வீடியோ கேம். அதில் வருகிறவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். ஜப்பானியர்களுக்காகக் கீழே அவர்கள் மொழியில் வசனம் ஓடுகிறது. அப்படியானால் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டிருக்குமே என்கிறீர்களா? அங்கே அது கடைக்கே வரவில்லை!

விளையாட்டின் பெயர் 'சின் அண்ட் பனிஷ்மென்ட்'. 'ட்ரெஷர்' என்ற சிறிய நிறுவனம் நின்டெண்டோவுடன் சேர்ந்து உருவாக்கியது. 2000 நவம்பரில், நின்டெண்டோ 64 கருவிக்காக ஜப்பானில் மட்டும் வெளியானது.

இந்த வகைக்கு 'ரயில் ஷூட்டர்' என்று பெயர். பொருட்காட்சியில் ஓடும் குட்டி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்பது நம் கையில் இல்லை. பாதை தானாக நகரும். வருகிற எதிரிகளைக் குறிபார்த்துச் சுடுவதும், விலகித் தப்புவதும்தான் நம் வேலை. இதில் கூடுதலாக ஒரு வாள் உண்டு. பாய்ந்து வரும் ஏவுகணையைச் சரியான நொடியில் வாளால் அடித்தால், அது அனுப்பியவனையே தேடித் திரும்பிப் போகும். ஒருமுறை அடித்துப் பார்த்தவர்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள்.

கதை நடப்பது 2007-ல். உணவுப் பஞ்சத்தைப் போக்க விஞ்ஞானிகள் வளர்த்த உயிரினங்கள், மனிதர்களையே தாக்கத் தொடங்குகின்றன.

இவ்வளவு இருந்தும் ஏன் எடுபடவில்லை? நேரம்தான் காரணம். நின்டெண்டோ 64 வந்தது 1996-ல். 2000 மார்ச்சிலேயே ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்துவிட்டது. எல்லோர் கண்ணும் புதுக் கருவியின் மேல். பழைய கருவியின் கடைசிக் காலத்தில் பிறந்த பிள்ளையை யார் கவனிப்பார்கள்?

சில வெளிநாட்டு ரசிகர்கள் விடவில்லை. ஜப்பானிலிருந்து கேசட்டை வரவழைத்தார்கள். அது அமெரிக்கக் கருவியில் பொருந்தாது; கேசட்டின் வடிவமே வேறு. அதற்கென்று ஒரு அடாப்டர் வாங்கி மாட்டி ஆடினார்கள்.

ஏழு வருடம் கழித்து, நின்டெண்டோவின் 'வீ' கருவியில் டவுன்லோடு செய்துகொள்ளும் விளையாட்டாக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. அது 2007, கதை நடக்கும் அதே வருடம்! 2009-ல் ஜப்பானில் இரண்டாம் பாகமும் வந்தது. 2021-ல் 'ஸ்விட்ச்' கருவியின் ஆன்லைன் சந்தாவில் நின்டெண்டோ 64 விளையாட்டுகள் சேர்க்கப்பட்டபோது, முதல் பட்டியலிலேயே இதற்கும் இடம் கிடைத்தது.

இன்றைய மொபைல் விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. தினமும் வா, பரிசு தருகிறேன் என்று இழுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு முடிவு உண்டு. கை பழகிவிட்டால் ஒரே மாலையில் ஆடி முடித்துவிடலாம்.

இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். ஒருவர் ஓட, இன்னொருவர் சுட வேண்டும். திரையில் இருப்பதோ ஒரே ஆள்! சண்டையும் ரத்தமும் இருப்பதால் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில், துப்பாக்கியை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஓடும் வேலையை அப்பா எடுத்துக்கொள்ளலாம்.