ஃபிட்டர் கையும் ஒரு கட்டுக் காகிதமும்

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். 14 வருட அனுபவம். பம்ப் செய்யும் பட்டறையில் ஆரம்பித்து, இப்போது ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ். ஆஸ்திரேலியா போக வேண்டும் என்று ஆசை. ‘ஸ்கில் அசெஸ்மென்ட்டை நாங்களே பாஸ் பண்ணித் தந்துவிடுகிறோம், ஒன்றரை லட்சம் ஆகும்’ என்கிறாராம் ஓர் ஏஜென்ட். வளையலை அடகு வைக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி.

வைக்காதீர்கள் சகோதரி. இந்தத் திறன் மதிப்பீட்டை யாரும் யாருக்காகவும் ‘பாஸ் பண்ணித் தர’ முடியாது. ‘அனுபவச் சான்றிதழ் நாங்களே ரெடி பண்ணிக்கிறோம்’ என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் என்று தெரிந்தால் ஆஸ்திரேலியா விசாவை மறுப்பதோடு விடாது. மூன்று வருடத்துக்குப் பெரும்பாலான விசாக்களுக்குக் கதவைச் சாத்திவிடும். நேர்மையாகப் போயிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதும் சேர்ந்து போய்விடும்.

அங்கே இந்த வேலையைப் பார்ப்பது ‘டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா’ என்ற அரசு அமைப்பு. இந்தியாவில் இருக்கும் ஃபிட்டர்களை அது நேரடியாகச் சோதிப்பதில்லை. அது ஒப்புதல் கொடுத்த பயிற்சி நிறுவனங்கள் சோதிக்கின்றன. அவற்றின் பட்டியல் அந்த அமைப்பின் இணையதளத்திலேயே இருக்கிறது. விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் அவற்றுக்கே நேராகச் செலுத்தலாம். முதலில் காகிதங்களைப் பார்ப்பார்கள். அது தேறினால்தான் அடுத்து நேர்காணலோ செய்முறைத் தேர்வோ. இதில் தேறியதும் விசா வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். விசாவுக்கு விண்ணப்பிக்கத் தேவையான பல படிகளில் இது ஒன்று, அவ்வளவுதான்.

விண்ணப்பிக்கும் முன்பு ஒரு விஷயம். நம் ஊரில் ‘ஃபிட்டர்’ என்றால் எல்லாம் அடங்கும். அவர்கள் பட்டியலில் பொது ஃபிட்டர் (எண் 323211), ஃபிட்டர் அண்ட் டர்னர் (323212), ஃபிட்டர்-வெல்டர் (323213) என்று தனித்தனித் தொழில்கள். உங்கள் வீட்டுக்காரர் தினமும் லேத்தில் நிற்கிறாரா, வெல்டிங் பிடிக்கிறாரா, மெஷினைப் பிரித்து மாட்டுகிறாரா என்பதைப் பார்த்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி காகிதம். திறமைசாலிகள் பலர் சறுக்குகிற இடம் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு பேரிங் மாட்டக் கூடியவராக இருப்பார். ஆனால் சம்பளம் கவரில் வந்திருக்கும், வேலைக்குச் சேர்ந்த கடிதம் என்று ஒன்று இருந்திருக்காது. ஐ.டி.ஐ. சான்றிதழ் ஒன்றை வைத்து மட்டும் அங்கே எதுவும் நடக்காது. சம்பளத்துக்கு வேலை பார்த்தீர்கள் என்பதற்கும், அது இந்தத் தொழில்தான் என்பதற்கும் வருடக்கணக்கில் சான்று கேட்பார்கள். அண்மைக் காலம் வரை அதே தொழிலில் இருந்தாரா என்றும் பார்ப்பார்கள்.

சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள், பி.எஃப். பாஸ்புக், படிவம் 16 எல்லாம் உதவும். கம்பெனிக் கடிதத்தில் உள்ள தேதியும் பி.எஃப். தேதியும் முட்டிக்கொள்ளக் கூடாது. கடிதத்தில் ‘இவர் எங்களிடம் நல்ல முறையில் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்’ என்று எழுதிக் கொடுப்பார்கள் நம் முதலாளிகள். கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனால் அது பயன்படும். இங்கே வேண்டியது அவர் கை என்ன செய்தது என்பது: ரிங் ஃபிரேமில் பேரிங் மாற்றினார், மோட்டாரையும் பம்பையும் டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட் செய்தார், வரைபடம் பார்த்து ஷாஃப்ட்டும் புஷ்ஷும் பொருத்தினார், மைக்ரோமீட்டரில் அளந்தார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முழு நேரமா, கையெழுத்துப் போட்டவர் யார், அவர் பதவி என்ன, தொலைபேசி எண் என்ன. விசாரிக்க அந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். அவர் வேலை செய்யும்போது எடுத்த படங்களும் வீடியோவும் வேண்டும். மெஷின் முன்னால் கைகட்டி நிற்கிற படம் உதவாது. ஆலையில் படம் எடுக்க அனுமதி கேட்டுக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, நம் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுத்து முன்னால், ஐ.டி.ஐ.யில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, பி.எஃப்.பில் எழுத்துப்பிழையோடு. இவை எல்லாம் ஒரே ஆள்தான் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். இந்தத் திருத்தங்களை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நேர்காணல் ஆங்கிலத்தில். இலக்கண ஆங்கிலம் தேவையில்லை. தன் வேலையைத் தானே விளக்கத் தெரிய வேண்டும். ‘மோட்டாரைத் தொடும் முன் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு நம்மவர்களில் பலர் ‘ஸ்பானர் எடுப்பேன்’ என்பார்கள். மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் கை வைப்பேன் என்று சொல்லத் தெரிய வேண்டும். பேரிங்கைச் சுத்தியால் அடித்து ஏற்றாமல் ஏன் சூடேற்றுகிறோம், எந்த வெப்பத்தோடு நிறுத்துகிறோம், மோட்டாரின் நான்கு கால்களில் ஒன்று சரியாகப் படியாவிட்டால் அலைன்மென்ட் என்ன ஆகும்... ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் கேளுங்கள், அவர் ஆங்கிலத்தில் சொல்லட்டும். பிள்ளைகள் திருத்துவார்கள். கொஞ்சம் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வளைகுடா நாடுகள் என்றால் வழி வேறு. சவுதி, பல தொழில்களுக்கு இந்தியாவிலேயே திறன் சோதனை வைக்கிறது. ஏஜென்ட் வழியாகப் போவதானால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக வாங்கக் கூடியது 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. அங்கேயும் பெயரைப் பதிந்து வைக்கலாம்.

ஐ.டி.ஐ. படிக்காமல் பட்டறையிலேயே தொழில் கற்றவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டால் சொல்வார்கள்.

சகோதரி, உங்கள் வீட்டுக்காரருக்கு இருக்கும் பெரிய ஓட்டை அந்த முதல் பம்ப் பட்டறைதான் என்று நினைக்கிறேன். நூற்பாலைக் காகிதம் எப்படியும் கிடைத்துவிடும். பட்டறை முதலாளிக்கு வயதாகிவிட்டது, மகன் தொழிலைப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே, இந்த ஞாயிற்றுக்கிழமையே, கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கடிதத்தை நீங்களே டைப் செய்து கொண்டுபோய்விடுங்கள். அவர் படித்துப் பார்த்து, சரியென்றால் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுக்கட்டும்.