காசைக் கண்டித்தவர் காசானார்!

பெட்டியிலே காசு விழும் ஓசை கேட்டதும், நெருப்பிலே வேகும் ஆன்மா விண்ணுக்குப் பறக்கும்! இந்தப் புரட்டைச் சொல்லிப் பொன் திரட்டியது ஒரு கூட்டம், ஜெர்மன் நாட்டிலே, ஐந்நூறு ஆண்டுகட்கு முன்பு. இது மனிதன் கட்டிய கதை என்று துணிந்து எழுதினார் ஒரு துறவி. அவர்தான் மார்ட்டின் லூதர்.

காசால் கதிமோட்சம் கிட்டாது என்று கண்டித்த அந்தத் துறவிக்குப் பின்னாளில் கிட்டியது என்ன தெரியுமா, தோழர்களே? காசு! அவர் பெயரைச் சுமந்த காசு. அவர் முகத்தைச் சுமந்த பதக்கம். பொன்னிலே, வெள்ளியிலே, வெண்கலத்திலே! 1617இல் தொடங்கி நானூறு ஆண்டுக் காலம், ஒவ்வொரு நூற்றாண்டு விழாவிலும் நாணயச்சாலைகளின் உலைகள் கொழுந்துவிட்டெரிந்தன.

அந்தப் பதக்கங்களின் கதையை அறிந்துகொள்வது நமக்கு நல்லது. கேள்வி கேட்டவனைச் சிலையாக்கி, சிலையைச் சின்னமாக்கி, சின்னத்தை ஆள்வோரின் மடியிலே முடிந்துவிடும் வித்தை எப்படி நடக்கிறது என்பதை அது அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறது.

பூவா, தலையா என்று சிறுவர்கள் சுண்டி விளையாடும் காசுக்கு இரண்டே பக்கம். நினைவுப் பதக்கத்துக்கோ மூன்றாவது பக்கம் ஒன்று உண்டு. அது உலோகத்திலே இராது. அடித்தவன் மறைத்த வரலாற்றிலே இருக்கும். அந்த மூன்றாம் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

1514ஆம் ஆண்டு. ஆல்பிரெக்ட் என்னும் பெருங்குடிப் பிள்ளை, கையிலிருந்த சமயப் பதவிகள் போதாவென்று, மைன்ஸ் நகரத்துப் பேராயர் பதவியையும் அடைந்தான். அதற்காக ரோமுக்குக் கட்ட வேண்டியிருந்த பெருந்தொகையை ஃபுக்கர் என்னும் வட்டிக்கடைக் குபேரர்களிடம் கடன் வாங்கினான். கடனை அடைக்க வந்த சரக்கே பாவமன்னிப்புச் சீட்டு! விற்ற பணத்தில் ஒரு பாதி ரோமிலே எழும்பிய புனித பீட்டர் பேராலயத்துக்கு. மறு பாதி ஃபுக்கர் பெட்டிக்கு. தெருத்தெருவாக விற்றுத் திரிந்தவன் டெட்ஸல் என்னும் சாமியார். 1517 அக்டோபர் 31ஆம் நாள், 95 கருத்துரைகளை எழுதி அந்த ஆல்பிரெக்டுக்கே அனுப்பினார் லூதர். செல்வத்தில் கொழிக்கும் போப்பாண்டவர், ஏழையின் காசைக் கேட்காமல் தன் சொந்தப் பணத்தில் கோயில் கட்டக்கூடாதா என்று மக்கள் கேட்கிறார்களே, அதற்கு என்ன விடை? அந்த 95இல் இதுவும் ஒன்று. எவ்வளவு கூரிய கேள்வி!

நூறாண்டு உருண்டது. 1617இல் சாக்சனி நாட்டு அதிபதி யோஹான் கேயோர்க் விழா எடுத்தான். வெள்ளி நாணயம் அடித்தான். ஒரு பக்கம் யாருடைய உருவம்? அவனுடையது! மறு பக்கம்? லூதருக்கு அந்நாளில் அடைக்கலம் தந்த அவன் குலத்துப் பெரியவர் ஃபிரெடெரிக்கின் உருவம்! ஆண்டவன் வாக்கு அழியாது என்னும் இலத்தீன் வாசகம் ஒன்று. லூதரின் நூற்றாண்டு என்னும் வாசகம் இன்னொன்று. லூதருக்குப் பெயர், மன்னருக்கு முகம்!

அந்த அழியாத வாக்கின் காவலன் அடுத்துச் செய்ததைக் கேளுங்கள். 1618இல் பொஹீமியா நாட்டுச் சீர்திருத்தச் சமயத்தார் கத்தோலிக்கப் பேரரசனுக்கு எதிராகக் கிளர்ந்தனர். முப்பதாண்டுப் போர் மூண்டது. 1620இல் இந்த யோஹான் கேயோர்க் தன் படையை எங்கே நிறுத்தினான்? பேரரசனின் பக்கம்! கூலியாக லுசேஷியா என்னும் வளநாடு அவன் கைக்கு வந்தது. நாணயத்திலே இருந்த நாணயம் அவனிடம் இல்லை!

1630இல் மறுபடி விழா. ஆக்ஸ்பர்க் நகரிலே 1530இல் பேரரசன் முன் லூதர் தரப்பினர் தம் கொள்கை அறிக்கையைப் படித்தளித்த நாளின் நூறாவது ஆண்டு. மறுபடி பொன்னும் வெள்ளியும். மறுபடி அதே அதிபதியின் உருவம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் மக்டபர்க் என்னும் சீர்திருத்தச் சமய நகரைப் பேரரசின் படை சூறையாடிச் சுட்டெரித்தது. ஏறத்தாழ 20,000 உயிர்கள் மடிந்தன. அந்தச் சாம்பலுக்குப் பதக்கம் உண்டா?

1717இல் இருநூறாவது ஆண்டு விழா. லூதர் பிறந்து வளர்ந்த மண்ணின் பெருமை பேசிப் பதக்கங்கள் பறந்தன. கோத்தா நகரத்துக் கிறிஸ்டியன் வெர்முத் போன்ற வினைஞர்கள் இரவு பகலாக உளி பிடித்த காலம் அது. சாக்சனியின் அரியணையில் அப்போது அமர்ந்திருந்தவன் எந்தச் சமயத்தான்? கத்தோலிக்கன்! போலந்து நாட்டு மணிமுடி வேண்டி 1697இலேயே மதம் மாறியவன், பலசாலி அகஸ்டஸ். அவன் மகனும் மாறிவிட்டான் என்ற செய்தி அதே 1717 அக்டோபரில்தான் ஊரறிய வெளிவந்தது. முடிக்காக மதத்தைக் கழற்றி வைப்பவன் ஆளும் நாட்டிலே, மதத்துக்காக முடியை எதிர்த்தவருக்கு விழா!

ஆள்வோரின் தந்திரம் ஒருபுறம். பக்தர்களின் பாமரத்தனம் மறுபுறம். யான் ஹுஸ் என்னும் பொஹீமிய அறிஞரை 1415இல் உயிரோடு கொளுத்தினர். ஹுஸ் என்றால் அவர் மொழியிலே வாத்து. இன்று வாத்தைச் சுடுகிறீர்கள், நூறாண்டு கழித்து ஓர் அன்னம் வரும், அதைச் சுட இயலாது என்று அவர் சாகும்போது முன்னுரைத்ததாகக் கதை கட்டினர். வெவ்வேறு இடத்தில் பிறந்த சொற்களை ஒட்டி அந்த அன்னம் நானே என்று 1531இல் எழுதியவர், வேறு யாருமல்லர், லூதரேதான்! பதக்கத்திலே அன்னம் நீந்தியது. அற்புதங்களைப் பழித்தவர் தலையிலேயே ஓர் அற்புதத்தைச் சூட்டினர்.

ஆலயக் கதவிலே ஆணியடிக்கும் காட்சியையும் பதக்கங்கள் பாடம்போல் ஒப்புவித்தன. லூதர் எழுதியவற்றில் அந்த ஆணியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அச்சிலே அச்செய்தி முதலில் வந்தது 1546இல், அவர் மறைந்த பின்பு. எழுதிய மெலாங்க்தன் விட்டன்பர்க் நகருக்கு வந்ததே 1518இல்தான். 1961இல் எர்வின் இசர்லோ என்னும் வரலாற்றறிஞர் இதை எடுத்துக்காட்டியதிலிருந்து அறிஞர்கள் வாதாடி வருகின்றனர். அறிஞன் ஐயுறுவதை அச்சு அறுதியிட்டு விடுகிறது. உலோகத்துக்கு ஐயம் தெரியாது!

இனி, எந்த நூற்றாண்டு விழா மன்னனும் நாணயத்திலே பொறிக்க விரும்பாத ஓராண்டைச் சொல்கிறேன்: 1525. உழவர்கள் எழுந்த ஆண்டு. மெம்மிங்கன் நகரிலே அவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வகுத்தனர். கிறிஸ்து எல்லாரையும் மீட்டார் என்றால் நாங்கள் மட்டும் பண்ணையடிமைகளாக இருப்பது ஏன் என்பது மூன்றாவது கோரிக்கை. லூதரின் மறுமொழி என்ன? ஆன்மிக விடுதலையை உலக விடுதலையாக்கப் பார்க்கிறீர்கள், எல்லாரையும் சமமாக்கினால் உலக அரசு நிலைக்காது! கலகம் பெருகியதும், உழவர்களை வெட்டவும் குத்தவும் அதிபதிகளை ஏவி நூலெழுதினார். மே 15ஆம் நாள் ஃபிராங்கன்ஹவுசன் களத்திலே உழவர் படை வீழ்ந்தது. அவர்கள் பக்கம் நின்ற போதகர் தாமஸ் முன்ட்ஸரின் தலை அதே மாதம் 27ஆம் நாள் துண்டிக்கப்பட்டது. அந்தப் போர் முழுவதிலும் மாண்ட உழவர் தொகையை 70,000 முதல் 1,00,000 வரை கணக்கிடுகின்றனர். கோயிலுக்குள் சமத்துவம், வயலுக்குள் அடிமைத்தனம்!

அந்த வாதம் ஜெர்மன் எல்லையோடு நிற்கவில்லை, தோழர்களே! கடல் கடந்து தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் இறங்கினார், தமிழை அச்சேற்றினார், அந்தத் தொண்டை நாம் மறுக்கவில்லை. 1717இல், அங்கே பதக்கம் அடித்த அதே ஆண்டில், இங்கே புதிய எருசலேம் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினர். ஆனால் அவர் வழியிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த லைப்சிக் மிஷன் சாதியைக் குறித்து என்ன சொன்னது? அது சமூக வழக்கம், சமயத்தைச் சார்ந்ததன்று என்று பொறுத்துக்கொண்டது! நம்புகிறவர் அனைவரும் குருமாரே என்று 1520இல் எழுதியவரின் பெயரால் நடந்த சபை அது. 1525இன் பண்ணையடிமைக்குச் சொன்ன விடையும் சேரி மகனுக்குச் சொன்ன விடையும் ஒரே அச்சில் வார்த்தவை.

1917க்கு வருவோம். உலகப் போர். ஜெர்மன் மக்கள் பசியால் வாடிய காலம். பீரங்கிக்கு உலோகம் போதவில்லை என்று ஆலய மணிகளை இறக்கி உருக்கினர். அந்த ஆண்டிலும் சாக்சனி அரசு நானூறாவது ஆண்டு நினைவாக ஃபிரெடெரிக்கின் முகம் பொறித்த 3 மார்க் வெள்ளி நாணயம் அடித்தது. எத்தனை? 100! ஆண்ட மன்னனோ இம்முறையும் கத்தோலிக்கன். மக்களை அழைத்த மணி உலைக்கு. பெரிய மனிதர் பேழைக்கு வெள்ளி. இன்று சேகரிப்போர் அந்த நாணயத்துக்குப் பெருஞ்செல்வம் கொட்டிக் கொடுக்கின்றனர். காசைக் கண்டித்தவரின் காசு, காசிலெல்லாம் விலையுயர்ந்த காசாயிற்று!

1933. இட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு. லூதரின் 450ஆவது பிறந்த ஆண்டு. 2 மார்க், 5 மார்க் வெள்ளி நாணயங்களில் லூதர் தலை காட்டினார். நாஜிகளுக்கு அந்தத் துறவியிடம் என்ன காதல்? 1543இல் அவர் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூல் அவர்கள் கையிலே இருந்தது. தொழுகைக் கூடங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், நூல்களைப் பறியுங்கள் என்று ஏவிய நூல். 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு தொழுகைக் கூடங்கள் எரிந்தன. விடிந்தால் லூதரின் பிறந்தநாள். அந்தப் பொருத்தத்தைப் பாராட்டி, லூதரின் வசைகளைத் தொகுத்து வெளியீடு போட்டான் துரிங்கிய மாநிலத்துப் பேராயன் மார்ட்டின் சாஸ்ஸே. அன்றே அந்த நஞ்சை நஞ்சென்று சபைகள் எடுத்துரைத்திருந்தால்? நானூறு ஆண்டுகளாக முகத்தை மெருகிட்டவர்கள் நூலைப் புரட்டவில்லை. ஜெர்மன் சீர்திருத்தச் சபைகளின் பேரவை அந்த யூத வெறுப்பிலிருந்து விலகி நிற்பதாக 2015இல் அறிவித்தது. நல்லது; ஆயினும் எத்தனை பிணங்களுக்குப் பிறகு!

பொதுவுடைமை பேசிய கிழக்கு ஜெர்மனியாவது தப்பியதா? முன்ட்ஸரின் முகத்தை 5 மார்க் நோட்டிலே அச்சிட்ட அரசு அது. 1983இல் லூதரின் 500ஆவது பிறந்த ஆண்டு வந்ததும், ஆட்சித் தலைவர் ஹோனெக்கரே விழாக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 20 மார்க் வெள்ளியிலே லூதர் வந்துவிட்டார். வெட்டச் சொன்னவர் வெள்ளியிலே, வெட்டுண்டவர் தாளிலே!

அதே 1983 செப்டம்பர் 24ஆம் நாள், அதே விட்டன்பர்க் நகரிலே, லூதர் வாழ்ந்த வீட்டின் முற்றத்திலே இன்னொரு சம்மட்டி ஒலித்தது. ஃபிரீட்ரிக் ஷோர்லெம்மர் என்னும் போதகரும் நண்பர்களும் கூடினர். கொல்லர் ஒருவர் வாளொன்றைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து அடித்து, ஏர்க்கொழுவாக மாற்றினார். வாளைக் கொழுவாக்கும் அந்தச் சின்னத்தைச் சட்டையில் அணிந்த இளைஞர்களைத் துரத்திய ஆட்சியின் கண்ணெதிரே அது நடந்தது. அரசின் நாணயத்தைவிட அந்தக் கொழுவே 1517இன் கேள்விக்கு உண்மையான வாரிசு!

தோழர்களே, இது லூதரோடு முடியும் கதையன்று. கேள்வி கேட்டவர் எவராயினும், அவர் கண்மூடிய மறுநாளே உருவம் வார்க்கும் அச்சு காத்திருக்கிறது. நாம் போற்றும் அறிஞர்களுக்கும் அந்த அச்சு உண்டு. மார்பிலே அவர் முகத்தைக் குத்திக்கொள்வது எளிது. மனத்திலே அவர் கேள்வியைக் குத்திக்கொள்வது கடினம். அவர் சொன்னதில் பிழை இருந்தால் பிழையென்று சொல்வது இன்னும் கடினம்.

ஆகவே, எந்தப் பதக்கத்தைக் கையிலே தந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். அடித்தவன் யார்? அடித்த ஆண்டிலே அவன் செய்தது என்ன? இந்த முகத்துக்குப் பின்னே எந்த ஏட்டை மறைக்கிறான்? விடை கிடைக்கும் வரையில் அது வெறும் உலோகம். சுண்டி எறியுங்கள், பூ விழுந்தால் என்ன, தலை விழுந்தால் என்ன!