கிளினிக் நாளுக்கு முழுப் பேர் போடு!



வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போகும்போதுதான் நம் பிள்ளைகள் பலர் ஹெபடைடிஸ் பி என்ற பெயரையே கேள்விப்படுகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களின் இரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். இருந்தால் 'அன்ஃபிட்'. ஏஜென்சிக்குக் கட்டிய காசும் அடகு வைத்த தோடும் போனது போனதுதான். அரபு நாட்டு முதலாளிக்காகப் பார்க்கிற இரத்தத்தை அந்தப் பிள்ளைக்காக அதற்கு முன் ஒருவரும் பார்க்கவில்லை.

தண்ணீரால் வரும் செங்கமாரி வேறு, இது வேறு. தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது ஹெபடைடிஸ் ஏ. அது பெரும்பாலும் சில வாரங்களில் மாறிவிடும். 'பி' இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். கண் மஞ்சளாகாமலே வருடக்கணக்கில் ஈரலில் குடியிருக்கும். ஈரல் சுருங்கிப் போகும், புற்றுநோயும் வரும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே அது உடம்பில் தங்கும். பிறக்கும்போதே தொற்றினால் சுமார் 90 பேருக்குத் தங்கிவிடும். மருந்து கிருமியை அடக்கி வைக்குமே தவிர, அடியோடு அழிப்பது அபூர்வம். ஆகவே கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு 'இறங்கிவிட்டது' என்று இருக்க வேண்டாம்.

தரம் 9, 10 பிள்ளைகளைப் பற்றித்தான் நமக்குக் கவலை. மீசை முளைத்த நாலு பையன்களுக்கு ஒரே ரேசர். திருவிழாவில் ஒரே ஊசியால் பச்சை குத்திக்கொள்கிறார்கள், காது குத்திக்கொள்கிறார்கள். உலர்ந்த இரத்தத்திலும் இந்தக் கிருமி 7 நாளாவது உயிரோடு இருக்கும். ஓ.எல். முடிந்ததும் கொழும்புக் கடைக்கும் சலூனுக்கும் போகிற பிள்ளைகள் இவர்கள்தான்.

தடுப்பூசி இருக்கிறது, இலவசமாகவே இருக்கிறது. 2003 முதல் படிப்படியாக இந்த நாட்டுக் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். இப்போது 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்க்கான ஒரே ஊசியில் இதுவும் சேர்ந்திருக்கிறது. மூன்றும் முடிந்தால்தான் முழுப் பாதுகாப்பு. இரண்டோடு நின்ற பிள்ளை எத்தனை? கூரை ஒழுகி நனைந்த அட்டை, லயம் எரிந்தபோது சேர்ந்து எரிந்த அட்டை எத்தனை? எந்தத் தோட்டத்து ஆபீஸிலாவது அந்தக் கணக்கு இருக்கிறதா?

கேட்டால், 'தோட்டத்துச் சனத்துக்கு அக்கறை இல்லை' என்பார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. பேர் போனால் அந்த வாரம் அடுப்பு எரியாது. அக்கறையைப் பற்றி யார் யாருக்குப் பாடம் நடத்துவது? கிலோ குறைந்தால் அரைப் பேர் என்று எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு, பிள்ளை மடுவத்தில் எத்தனை பிள்ளைக்கு மூன்று ஊசியும் முடிந்தது என்று எழுதத் தெரியாதா?

கிளினிக் நாளில் தாய்க்கு முழுப் பேர் போட வேண்டும் என்று கேட்கிறோம். தரம் 7இல் ஏற்பு ஊசி போட வருகிறார்கள், தரம் 10இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. அந்த நாட்களிலேயே பழைய அட்டையையும் பார்க்க வேண்டும். விடுபட்டவருக்கு எந்த வயதிலும் ஊசி போடலாம். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் கடைசி. ஆறு மாதத்து வேலைதான்; ஓ.எல். எழுதும் முன் முடித்துவிடலாம்.

நம் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கிருமி இருக்கிற பிள்ளையைத் தனி வாங்கில் உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் இருந்தாலோ ஒரே கோப்பையில் குடித்தாலோ இது தொற்றாது. அந்தப் பிள்ளையின் பெயர் ஸ்டாஃப் ரூமைத் தாண்டி லயத்துக்குப் போனால் அதன் படிப்பு அத்தோடு சரி.

தாய்மார்களே, இந்த மாதச் சம்பள நாளுக்குள் பிள்ளைகளின் அட்டையைத் தேடி எடுங்கள். அட்டை இல்லாத, ஊசி முடியாத பிள்ளைகளின் பெயரை மாதர் தலைவியிடம் மட்டும் கொடுங்கள். பட்டியலை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு நாமே கொண்டுபோகிறோம். முழுப் பேர் விஷயத்தை அடுத்த பேச்சுவார்த்தையில் துரையிடம் எழுத்தில் வைக்கிறோம்.