அம்மை கண்ட வீடும் லண்டன் வைத்தியரும்

கரிசல் காட்டில் பங்குனி, சித்திரை பிறந்தால் வெயிலோடு அம்மையும் வந்துவிடும். கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளில் அப்போது நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாசலில் வேப்பிலை; அடுப்பில் தாளிதம் கிடையாது; குழந்தைக்கு இளநீர், நீர்மோர், கேப்பைக் கூழ்; வேண்டுதலோ இருக்கன்குடி மாரியம்மனுக்கு. பட்டணத்தில் குடியேறிய பெண்கள்கூட இதை விடுவதில்லை. கர்நாடகம் என்று சிரிக்கிறவர்கள் தாமஸ் சிடன்ஹாமின் கதையைக் கேட்க வேண்டும்.

இவர் லண்டன் வைத்தியர். 1624-ல் பிறந்து 1689-ல் காலமானவர். அந்நாளில் இங்கிலாந்தில் பெரியம்மை கண்டவரை என்ன பாடு படுத்தினார்கள், தெரியுமா? ஜன்னல்களை இறுக மூடி, கணப்பில் தீ மூட்டி, கம்பளிமேல் கம்பளியாகப் போர்த்தி, சூடான பானங்களைப் புகட்டி வியர்க்க வைத்தார்கள். உள்ளே இருக்கும் விஷம் வியர்வையோடு போய்விடுமாம்! 1562-ல் எலிஸபெத் மகாராணிக்கே பெரியம்மை கண்டபோது, சிவப்புத் துணியில் சுற்றி நெருப்பருகே கிடத்தினார்கள் என்று சொல்வதுண்டு. ராணி பிழைத்தாள். பணிவிடை செய்த மேரி ஸிட்னி சீமாட்டிக்குத்தான் முகமெல்லாம் தழும்பாகிவிட்டது, பாவம்.

சிடன்ஹாம் ஏடுகளைவிட நோயாளியின் கட்டிலருகே கற்றதையே பெரிதாக நம்பினார். போர்வையைக் குறையுங்கள், காற்று வரட்டும், சூடு ஏற்றாதீர்கள் என்றார். ஏழைகளைவிடப் பணக்காரர்கள் அம்மையில் அதிகம் சாவதற்கு, வைத்தியம் மிஞ்சிப்போவதே காரணம் என்றும் எழுதினார். சக வைத்தியர்களுக்கு இது ரசித்திருக்குமா? நம் பாட்டிமார் மட்டும் கேட்டிருந்தால், "இதைச் சொல்ல ஒரு டாக்டரா?" என்றிருப்பார்கள்.

ஆனால் குளிர்ச்சி நோயாளியைத் தேற்றியதே தவிர, நோயை ஒழிக்கவில்லை. ஒழித்தது, 1798-ல் ஜென்னர் எழுதி வெளியிட்ட பசு அம்மைக் குத்தல். நம் ஜனங்கள் அதற்கு அஞ்சியபோது, திருக்குறளில் தோய்ந்த எல்லிஸ் துரை, சக்தியே தன்வந்திரிக்கு இதை உபதேசிப்பதுபோல் ஒரு கதை எழுதினார். கெட்டிக்கார துரை! 1980-ல் உலகெங்கும் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

இன்று வருவது சின்னம்மையும் தட்டம்மையுந்தான். வேப்பிலையும் மோரும் இருக்கட்டும், டாக்டரையும் கலந்துகொள்ளுங்கள். ஜுரத்துக்கென்று குழந்தைக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்காதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்த அறைப்பக்கமே போக வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, எழுப்ப எழுப்பக் குழந்தை மயங்கிக் கிடந்தாலோ, தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இருக்கன்குடிக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்.